கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த சமூகம் எம்முடையது. அந்தப் பழமொழியை எடுத்து எம்மை நாமே நையாண்டி செய்துகொள்வதும் எமக்குப் பழகிவிட்டது. ஆனால் கோறணமேந்தில் கோழி மேய்த்தவருக்குச் சம்பளம் எப்படி வகுக்கப்பட்டது, ஆண்டுதோறும் அது எப்படி ஏறியது, ஏறாமல் நின்றபோது அவர் யாரிடம் போய்க் கேட்டார் என்பதை நாம் எழுதி வைத்தது குறைவு. எமது அரசியல் வரலாறுகளில் ஒப்பந்தங்கள் வருகின்றன, சத்தியாக்கிரகங்கள் வருகின்றன, தேர்தல் கணக்குகள் வருகின்றன. சம்பளக் கணக்கு வருவதில்லை.

1962இல் கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞருக்கு வரவேண்டிய ஆண்டுச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் அவர் சித்தி பெற்றிருக்கவில்லை என்பது காரணம். அவர் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போயிற்று. 'கோடீஸ்வரன் வழக்கு' என்ற பெயரில் எமது மேடைகளிலும் கட்டுரைகளிலும் அது ஒற்றை வரியில் வந்து போகும். மொழியுரிமை வழக்கு, அதில் தமிழர் வென்றார்கள் என்றுதான் நாமும் நெடுங்காலம் விளங்கி வைத்திருந்தோம். தீர்ப்பைத் தேடிப் படித்தபோதுதான், மொழியைப் பற்றி அதில் முடிவாக ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. அதில் முடிவானது சம்பளம் மட்டுமே.

அது விளங்குவதற்கு எழுதுவினைஞர் சேவை எப்படி அமைந்திருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஓர் ஏணி. போட்டிப் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதி அடிப்படியில் ஏறுவார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சம்பள அளவுத்திட்டம் உண்டு: தொடக்கத்தில் இவ்வளவு, ஆண்டுக்கு ஏற்றம் இவ்வளவு, உச்சம் இவ்வளவு. இடையிடையே 'ஈ.பி.' என்று கந்தோரில் எல்லோரும் சொல்லும் வினைத்திறமைத் தடை வரும். அந்த இடத்துக்கு வந்தவர் பரீட்சை ஒன்றில் தேறினால்தான் அடுத்த ஏற்றம். மேலே நிறைவேற்று எழுதுவினைஞர் வகுப்பு இருந்தது. கோடீஸ்வரன் அந்த வகுப்புவரை ஏறியவர்.

ஓர் ஆண்டின் ஏற்றம் என்பது சிறிய தொகைதான். ஆனால் அது நின்றால் அந்த மாதத்தோடு போவதில்லை. பின்னால் வரும் ஒவ்வொரு மாதமும் குறையும். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணிக்கப்படுவதால் அதுவும் குறையும். மாப்பிள்ளையின் கிறேட் என்ன என்று கேட்டுச் சீதனம் பேசிய காலம் அது. ஆகவே ஏணியில் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது அவருடைய வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரிந்த விஷயமாக இருந்தது.

சுவிஸ் உணவகங்களின் சமையலறையில் நிற்கும் எமக்கு இந்தப் படிகள் புதினமல்ல. இங்கே உணவகத் தொழிலுக்கென்று நாடு முழுவதற்குமான கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. தொழிற்கல்வி இல்லாதவருக்கு ஓர் ஆகக்குறைந்த சம்பளம், 'புரோகிறெசோ' என்ற குறுகிய பயிற்சியை முடித்தவருக்கு அதற்கு மேல் ஒன்று, முழுத் தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுத்தவருக்கு அதற்கும் மேல். பத்து வருடம் கோப்பை கழுவி வெங்காயம் உரித்தவர் தாள் இல்லாவிட்டால் அந்த அட்டவணையில் அடிப்படியிலேயே நிற்பார். இதைப் பற்றி நாம் தினமும் புறுபுறுக்கிறோம். ஆனாலும் அந்தப் படிகளைத் தொழிற்சங்கங்களும் முதலாளிகளின் சங்கங்களும் ஒரே மேசையில் இருந்து பேசித்தான் வகுத்திருக்கின்றன. இலங்கை எழுதுவினைஞருக்கு அப்படியொரு மேசை கிடைக்கவில்லை.

பிரித்தானியாவில் அரச ஊழியருக்கு 1919 முதல் 'விற்லி கவுன்சில்' என்ற ஏற்பாடு இருந்தது. ஊழியர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் ஒன்றாக அமர்ந்து சம்பளம், தரம், வேலை நேரம் பற்றிப் பேசும். அதே முடியின் கீழ் கொழும்புக் கச்சேரியில் பேரேடு எழுதியவருக்கு மனு எழுதத்தான் வழி இருந்தது. 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடியும் மனு. சம்பள ஆணைக்குழுக்கள் வரும், சாட்சியம் கேட்கும், அறிக்கை எழுதிவிட்டுப் போகும்.

இதை மாற்றத்தான் 1947இல் அரச ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின், அதாவது 'ஜீ.சி.எஸ்.யூ.'வின் தலைவராக அப்போது இருந்தவர் ரி. பி. இலங்கரத்ன. மே மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளம் ஒரு கோரிக்கை. அரச ஊழியருக்கு முழுத் தொழிற்சங்க உரிமை வேண்டும், சங்கங்கள் ஒன்றுசேர உரிமை வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கோரிக்கை. ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் ஊர்வலமாகப் போன வேலைநிறுத்தக்காரர் மீது பொலிசார் சுட்டார்கள். கந்தசாமி என்ற எழுதுவினைஞர் இறந்தார். சிங்களத் தொழிற்சங்கத்தவர்கள் அவருடைய பெயரை நீண்டகாலம் நினைவுகூர்ந்து வந்திருக்கிறார்கள். எமது தியாகிகளின் பட்டியல்களில் நாம் அந்தப் பெயரைக் கண்டதில்லை. கொழும்புத் தெருவில், சிங்களவரோடு சேர்ந்து, சம்பளத்துக்காக இறந்த ஒரு தமிழரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எமக்குத் தெரியவில்லைப் போலும்.

அதே ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தத்தை எதிர்கொள்வதற்காக அரசாங்க சபையில் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அவசரகாலச் சட்டம், அவசரகாலச் சட்டம் என்று நாம் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தோமே, அதன் தாய் இதுதான். 2022இல் கொழும்பில் சனம் தெருவுக்கு வந்தபோதும் இதன் கீழ்த்தான் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. எழுதுவினைஞரும் தொழிலாளரும் செய்த வேலைநிறுத்தத்துக்கென்று தீட்டிய கத்தி எவ்வளவு தூரம் வெட்டியது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

வேலைநிறுத்தம் தோற்றது. இலங்கரத்ன வேலை இழந்தார், அவரோடு பலரும் இழந்தார்கள். 1948இல் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. அரச ஊழியர் சங்கம் அமைக்கலாம். ஆனால் ஒரே திணைக்களத்துக்கோ சேவைக்கோ வகுப்புக்கோ உட்பட்டவர்களே ஒரு சங்கத்தில் இருக்கலாம். வேறு சங்கங்களோடு சேர்ந்து சம்மேளனம் ஆகக் கூடாது. ஏணியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு சங்கம், படிகள் ஒன்றோடொன்று பேசக்கூடாது என்ற ஏற்பாடு.

பிறகு 1956. தனிச் சிங்களச் சட்டம் என்று நாம் சொல்லும் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்காவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சர் யார் என்று பார்த்தால், அதே ரி. பி. இலங்கரத்ன! கந்தசாமி இறந்த வேலைநிறுத்தத்தில் எழுதுவினைஞரின் தலைவராக இருந்தவர். இதில் அவரை மட்டும் குற்றஞ்சொல்லி முடித்துவிட நாம் விரும்பவில்லை. ஆங்கிலம் என்ற தடை சிங்களக் கிராமத்துப் பிள்ளையை ஏணியின் அடிக்கே வரவிடாமல் வைத்திருந்தது உண்மை. மிஷன் பள்ளிக்கூடங்களின் தயவால் அந்தத் தடை யாழ்ப்பாணத்தில் ஒரு பகுதியினருக்குத் தாழ்ந்திருந்ததும் உண்மை. அதை எமது விடாமுயற்சியின் பலன் என்று மட்டுமே நாம் எண்ணிக்கொண்டோம். 1948இலும் 1949இலும் மலையகத் தொழிலாளரின் குடியுரிமையும் வாக்கும் பறிபோனபோது கிறேட் ஏறிய எம்மவர்களில் எத்தனை பேர் அதைத் தமது பிரச்சினையாக எண்ணினார்கள்?

ஆனால் ஆங்கிலத் தடைக்குப் பதிலாக 1956க்குப் பிறகு வந்தது தடை நீக்கம் அல்ல, வேறொரு தடை. அதுவும் ஏற்கெனவே ஏணியில் பாதி ஏறிவிட்டவருக்கு. ஆங்கில மூலம் சேவைக்கு எடுக்கப்பட்டு, ஆங்கிலத்தில் ஈ.பி. தாண்டி, இருபது வருடம் கோப்பு எழுதியவரிடம் 'இனிச் சிங்களம்' என்று சொல்லப்பட்டது. சொல்லிய விதமும் முக்கியம். 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரல் 17இல் அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலை அறிவித்து இராணுவத்தைக் கொண்டு அதைக் கலைத்தார்கள். டிசம்பர் 4இல் திறைசேரியிலிருந்து 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வெளிவந்தது. குறித்த தரத்தில் சிங்களத் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் இல்லை. எந்தச் சங்கத்தோடும் பேசி வந்த முடிவல்ல. தமிழ் எழுதுவினைஞர் அதற்கிடையில் தமக்கெனத் தனிச் சங்கமும் அமைத்திருந்தார்கள். சிங்கள எழுதுவினைஞருக்கு இந்தச் சுற்றுநிருபத்தால் நட்டமில்லை. அதற்காக அவர்கள் வேலையை நிறுத்தப் போவதில்லை. தமிழ் எழுதுவினைஞர் தனியாக நிறுத்தினால் கொழும்பில் கந்தோர் நடக்கும்.

ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் இருந்து முடிவெடுத்தார்கள். சிலர் மறுத்தார்கள். சிலர் ஓய்வு பெற்றுக்கொண்டு போனார்கள். சிலர் படித்தார்கள்.

எமது அம்மப்பா படித்தவர். குருநாகலில் எழுதுவினைஞராக இருந்தார். சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்து ஏற்றம் எடுத்தவர் என்பது அவர் இறந்த பிறகுதான் எமக்குத் தெரியும். "இரவில லாம்பு கொளுத்தி வைச்சுச் சிங்கள அரிவரி எழுதுவார். ஆரும் ஊராக்கள் வந்தினமெண்டால் கொப்பிய மூடிப்போடுவார்" என்று அம்மம்மா சொன்னார். மூன்று பெண்பிள்ளைகள். ஊரில் மேடை போட்டு, சிங்களம் படிப்பவன் இனத்துரோகி என்று பேசிய காலம். அவர் எந்தக் கூட்டத்துக்கும் போய் எதிர்த்துப் பேசியவருமல்ல, பேசியவர்களைப் பழித்தவருமல்ல. அம்மம்மாவுக்கு வந்த விதவை ஓய்வூதியத்தில்தான் எமது பல்கலைக்கழகத்து முதல் வருடம் கழிந்தது. அதற்குப் பிறகு படிப்பு நின்றதற்கு வேறு காரணங்கள். அந்தப் பணத்தில் எத்தனை ரூபா அவர் கொப்பியை மூடி மூடிப் படித்த சிங்களத்தால் வந்தது என்று நாம் சில வேளை கணக்குப் பார்ப்பதுண்டு. மறுத்தவர்களைப் பற்றி எழுதும்போது, படித்தவர்கள் கோழைகள் என்ற தொனி எமக்கு வராது.

மறுத்த கோடீஸ்வரன் தெரிந்தெடுத்தது நீதிமன்றம். அவருடைய தரப்பு வாதம் மூன்று படிகளில் ஏறியது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் தகுதிக்குறைவு உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது, இயற்றினால் அது செல்லாது என்கிறது. ஆகவே அரசகரும மொழிச் சட்டம் செல்லாது. சட்டம் செல்லாதென்றால் அதன் மேல் எழுந்த சுற்றுநிருபமும் செல்லாது. சம்பள ஏற்றத்தைத் தர வேண்டும். ஒரு சிறு தொகையைக் கொண்டுபோய் நாட்டின் முழு மொழிக் கொள்கையின் கழுத்தில் கட்டிய வாதம் இது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் இதை ஏற்றுக்கொண்டார். சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்.

சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். 1967இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ தீர்ப்பை மாற்றினார். எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். 29ஆம் பிரிவை அவர் தொடவே இல்லை. முடியின் ஊழியர் முடியின் விருப்பம் உள்ளவரை வேலை செய்பவர். தன் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடர அவருக்கு உரிமை இல்லை. ஆகவே இந்த வழக்கே நிற்காது. மொழி பற்றிய கேள்விக்குப் போகத் தேவையில்லை.

இதன் பொருள் என்ன? சம்பளம் அரசாங்கம் மனமிரங்கித் தருவது, உழைத்தவருக்கு உரித்தான கடன் அல்ல என்பதுதான். தமிழ் எழுதுவினைஞருக்கு மட்டுமல்ல. சிங்கள எழுதுவினைஞருக்கும், ஆசிரியருக்கும், புகையிரதச் சாரதிக்கும் அதே விதி. ஒரு தமிழரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்புவதற்கு, நாட்டின் அரச ஊழியர் அத்தனை பேருடைய சம்பள உரிமையும் விலையாகக் கொடுக்கப்பட்டது. அந்த நேரத்தில் இடதுசாரிகளின் நிலை வேறாகியிருந்தது. 1956இல் பாராளுமன்றத்தில் தனிச் சிங்களத்தை எதிர்த்துப் பேசிய கட்சிகள், தமிழ் மொழிக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்து 1966 ஜனவரி 8இல் நடந்த ஊர்வலத்தில் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து நின்றன.

கோமறைக் கழகம் 1969 டிசம்பர் 11இல் தீர்ப்பளித்தது. வாசித்தவர் டிப்ளொக் பிரபு. விருப்பம்போல் வேலையிலிருந்து நீக்கலாம் என்பது ஒரு விஷயம். செய்த வேலைக்குச் சம்பளம் கடன் என்பது வேறு விஷயம். இலங்கையின் ரோமன் டச்சுச் சட்ட மரபில் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. சம்பளத்தைக் கேட்டு வழக்குப் போட அரச ஊழியருக்கு உரிமை உண்டு. இதற்கு எதிராக நின்ற ஆங்கிலத் தீர்ப்புகளில் ஒன்று 1943இல் வந்தது. இந்திய சிவில் சேவை உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி, தனக்குரிய பராமரிப்புப் பணத்தைக் கணவனின் சம்பளத்திலிருந்து மறித்துத் தரும்படி கேட்டு, சம்பளம் கடனல்ல என்று திருப்பி அனுப்பப்பட்ட வழக்கு. அது தவறான தீர்ப்பு என்று டிப்ளொக் சொன்னார். (இந்திய உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்கு 1954இலேயே வந்துவிட்டது. பீகாரில் வேலை நீக்கப்பட்டுத் திரும்ப எடுக்கப்பட்ட ஒரு பொலிஸ் சப் இன்ஸ்பெக்டரின் சம்பள பாக்கி வழக்கு அது.)

மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைக் கோமறைக் கழகம் எடுக்கவில்லை. இவ்வளவு பாரிய விஷயத்தை இலங்கை உயர் நீதிமன்றத்தின் கருத்து இல்லாமல் தாம் முடிவு செய்வது பொருத்தமல்ல என்று சொல்லி வழக்கைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. இதைத்தான் நாம் மேடைகளில் வெற்றி என்று சொன்னோம். உண்மையில் வென்றது சம்பளம் கேட்டு வழக்குப் போடும் உரிமை. சம்பளம் ஏன் நிறுத்தப்பட்டது என்ற கேள்வி வந்த வழியே திரும்பியது.

1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி வென்றது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை. சிங்களமே அரசகரும மொழி என்பது சாதாரண சட்டமாக இருந்தது போய், அரசியலமைப்புக்குள்ளேயே ஏறிவிட்டது. அதை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழி என்று போனால் இரண்டு நாடுகளாகும் என்று 1956இல் எச்சரித்த அதே கொல்வின். அந்த ஆட்சியில் 1975 வரை நிதி அமைச்சர் என். எம். பெரேரா. சுற்றுநிருபம் அனுப்பும் திறைசேரி ஒரு தொழிற்சங்கத் தலைவரின் கையில் இருந்தது. இலங்கரத்ன அங்கேயும் அமைச்சர். 1947இன் ஆட்கள் மேசையின் மறுபக்கத்தில் கூடியிருந்தார்கள். கோடீஸ்வரனின் கேள்வியை இனி எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாதபடி, கேள்வி நின்ற நிலமே எடுக்கப்பட்டது. வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரவில்லை.

1980 ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு அரசதுறை ஊழியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் நாற்பதினாயிரம் அளவிலானோரை வேலையிலிருந்து துரத்தியது. பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அப்போதும் கைகொடுத்தது. மூன்று வருடம் கழித்து 1983 ஜூலை. சிங்களத் தொழிற்சங்கங்கள் எங்கே போயின என்று கேட்பவர்கள் அந்த 1980ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். சங்கம் என்று சொல்லக்கூடியது பெருமளவு முறிக்கப்பட்ட பிறகுதான் கலவரம் வந்தது.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007இல் வந்த பொது நிர்வாகச் சுற்றுநிருபம், அவ்வாண்டு ஜூலை 1 முதல் சேவையில் சேர்பவர் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதாவது சிங்கள எழுதுவினைஞரும் தமிழ் அரிவரி படித்துப் பரீட்சை எழுத வேண்டும். சுற்றுநிருபத்தின் இலக்கம் 7.

இங்கிலாந்துச் சட்ட மாணவர்களின் நிர்வாகச் சட்டப் புத்தகங்களில் கோடீஸ்வரனின் பெயர் இப்போதும் இருக்கிறது. அரச ஊழியர் தன் சம்பளத்துக்கு வழக்குப் போடலாமா என்ற பகுதியின் அடிக்குறிப்பில் பார்க்கலாம். அவருடைய ஏற்றம் எதற்காக நிறுத்தப்பட்டது என்று அந்த அடிக்குறிப்பில் இல்லை.